நான்கு வரிப் பொன்னேடு

எங்கள் இரத்தினபுரியில் மாணிக்கக் குழி வெட்டுவோருக்குக் கல்லோடு காண்டாமிருகம், நீர்யானை முதலிய விலங்குகளின் எலும்புகளும் கிடைத்ததுண்டு. இவை இந்நாட்டில் வாழ்ந்தன என்பதை அறிஞர் பி.இ.பி. தெரணியாகலை நிறுவியது அவற்றைக் கொண்டுதான். ஆகவே, வல்லிபுரப் பொன்னேட்டின் கதை எனக்கு அந்நியமானதன்று.

1936ஆம் ஆண்டளவில், வடமராட்சி வல்லிபுரத்தில் பழைய கட்டிடமொன்றின் அத்திவாரத்தின் கீழ் அச்சிறு பொற்றகடு கிடைத்தது. உருக்கியிருந்தால் சிறு தோடாகியிருக்கும், உருக்காததால் வரலாறாயிற்று.

அதில் பிராமி எழுத்தில் நான்கு வரிகள், ஆண்டுக் குறிப்பில்லை. பின் காலம் குறித்தது எவ்வாறு? கல்வெட்டறிஞர் பரணவிதான இரு சான்றுகளைப் பார்த்தார். ஒன்று எழுத்தின் வடிவம். மற்றையது, 'வஹ' என்ற அரசன் பெயர். இவனே மகாவம்சம் கூறும் வசபன் என அவர் கொண்டார். எனவே ஏடு ஏறத்தாழ 1900 ஆண்டுப் பழைமையுடையதாயிற்று.

நாகதீபத்தை அமைச்சன் இசிகிராயன் நிருவகித்த நாளில் விகாரையொன்று எழுந்தது என்பதே செய்தி. மொழி பிராகிருதம். எனினும் 'ராயன்' என்பதில் தமிழ்ச் சாயலைக் கண்ட ஆய்வாளரும் உளர். ஒரு தகட்டை இரு சாராரும் காணி உறுதிபோல் நீட்டினர். அதுவோ, பல மொழியும் சமயமும் கலந்து வாழ்ந்த நிலத்தைத்தான் காட்டுகிறது.

குழியில் இறங்கும் தோழரே, பழம்பொருள் ஏதும் அகப்பட்டால் தேய்க்காதீர்கள், உருக்காதீர்கள். எந்த ஆழத்தில், எந்த மண்ணில் கிடைத்தது எனக் குறித்துவைத்து அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் கேட்பதும் அறிவிப்பையே. இடம் தொலைந்தால் பாதி வரலாறு தொலைந்துவிடும்.