எறிந்த அட்டைகளின் விலை

1952இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இயங்கிய டாப்ஸ் நிறுவனம் 407 பேஸ்பால் அட்டைகள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. சூயிங்கம் பொட்டலத்தோடு சில காசுகளுக்குக் கிடைத்த அவ்வட்டைகள் சிறுவர்க்குச் சேமிப்பு அல்ல, விளையாட்டுப் பொருள். சுவரை நோக்கி வீசிப் பந்தயம் கட்டினர். ரப்பர் வளையமிட்டு இறுக்கினர். மோட்டார் ஒலி எழுமாறு மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளிடையே செருகினர். முனைகள் மழுங்கின; நடுவே மடிப்பு விழுந்தது. மகன் கல்லூரிக்கோ படைக்கோ சென்றபின் அறையைத் துப்புரவு செய்த தாய், எஞ்சியவற்றைக் குப்பையில் இட்டாள்.

நிறுவனமும் அவற்றைப் பொன்னாகக் கருதவில்லை. வரிசையின் இறுதிப் பகுதி ஆட்டப்பருவம் முடியும் தறுவாயில் வந்ததால் தேங்கியது. விற்காதவற்றை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அட்டைகளை வடிவமைத்தவர்களுள் ஒருவரான சை பெர்கர் பின்னாளில் கூறினார். அப்பகுதியின் முதல் அட்டை, 311ஆம் எண்ணுடைய மிக்கி மேன்டில். நன்னிலையில் எஞ்சிய ஒரு பிரதி 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இத்தகைய விலைகளைக் கேட்டு முதியோர் பலர் தம் தாயை நொந்துகொண்டனர். ஆயின் அவ்விலையே இழப்பின் விளைவு. 1980களின் பிற்பகுதியில், பாடம் கற்ற தலைமுறை அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் காத்தது. நிறுவனங்களும் ஏராளமாக அச்சிட்டன. அழிந்தவை சில, ஆகவே அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் மிக மலிவு. எல்லாத் தாய்மாரும் காத்திருந்தால் மேன்டிலும் இவ்விலை பெற்றிரான். சக்கரத்தில் தேய்ந்த அட்டை வீணாகவில்லை. எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கே பயன்பட்டது.