மூன்றாம் படியும் நான்காம் படியும்: 'எம்பவரிங் 8' மாதிரியின் வழிமரபும் திருகோணமலையில் கற்பிக்கும் நூலகர்களுக்கான செயலமர்வும்

இனங்காணல், தேடியறிதல், தெரிதல், ஒழுங்குபடுத்தல், ஆக்கல், முன்வைத்தல், மதிப்பிடல், பிரயோகித்தல். 'எம்பவரிங் 8' என்னும் தகவல் எழுத்தறிவு மாதிரியின் எட்டுப் படிகள் இவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம், சர்வதேச நூலகச் சங்கங்கள் சம்மேளனத்தின் (இஃப்லா) ஆதரவோடு 2004 நவம்பரில் நடத்திய செயலமர்வில் இம்மாதிரி உருவாயிற்று. ஆசிய நாடுகள் பலவற்றின் நூலகர்கள் அதில் கூடியிருந்தனர். அடுத்த ஆண்டு இந்தியாவின் பாட்டியாலாவில் தொடர் செயலமர்வு நடந்தது. கற்பிக்கும் நூலகர்களுக்கு இலங்கையில் இன்று யார் செயலமர்வு திட்டமிட்டாலும், நிகழ்ச்சிநிரலின் முதற்பக்கத்தில் இந்த எட்டும் இடம்பிடித்துவிடும் வாய்ப்பு அதிகம். திருகோணமலை நிலாவெளி வீதியில், கோணேசபுரியில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தை மனத்திற் கொண்டு திட்டமிடுபவருக்கும் அது பொருந்தும். அவ்வாறு எடுத்தாள்வதற்கு முன், எட்டும் எங்கிருந்து வந்தன, யாருக்காக வரிசைப்படுத்தப்பட்டன என்று கேட்டாக வேண்டும்.

இக்கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை உண்டு. பிரதீபா விஜேதுங்க, உதய அலஹகோன் இருவரும் 2005இல் வெளியிட்ட கட்டுரையே மாதிரியை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. மாறிவரும் இலங்கைக் கல்விமுறைக்குத் தாங்குதளமாக இலங்கையிலேயே உருவாக்கப்பட்ட மாதிரி என்று அதன் தலைப்பே அறிவிக்கிறது. இந்த வாசிப்பை எளிதில் ஒதுக்க முடியாது. 1997இன் பொதுக் கல்விச் சீர்திருத்தங்கள் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் வகுப்பறையிலிருந்து விலகி, மாணவர் தாமே தேடிக் கற்கும் முறையை முன்வைத்தன. நிறுவகம் 1999இல் தோன்றியதும் உலக வங்கியின் ஆதரவு பெற்ற இரண்டாம் பொதுக் கல்வித் திட்டத்தோடு இணைந்துதான். பாடசாலை நூலகங்களை எழுப்புவதும் ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவதும் அதன் தொடக்ககாலப் பணிகள். அந்தச் சூழலில் ஒரு மாதிரி தேவைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. தேவை உள்நாட்டில் எழுந்ததால் படிவரிசையும் உள்நாட்டில் எழுந்தது என்று கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கல்வித் திணைக்களம் 1980களின் பிற்பகுதியில் பாடசாலைகளுக்கென ஒரு தகவற் செயன்முறையை வகுத்தது. அதில் ஆறு படிகள்: வரையறுத்தல், இடமறிதல், தெரிதல், ஒழுங்குபடுத்தல், முன்வைத்தல், மதிப்பிடல். கொழும்பு வரிசையின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். தெரிதலும் ஒழுங்குபடுத்தலும் மூன்றாம், நான்காம் இடங்களில் அப்படியே நிற்கின்றன. முன்வைத்தலை அடுத்து மதிப்பிடல் வருவதும் அப்படியே. முதல் இரண்டும் பெயர் மாறினாலும் பணி மாறவில்லை. நடுவில் 'ஆக்கல்', இறுதியில் 'பிரயோகித்தல்' என இரண்டு மட்டுமே புதியவை. ஆறோடு இரண்டு சேர்ந்து எட்டு.

இத்தகைய செயன்முறைகள் எல்லாமே ஒன்றையொன்று ஒத்திருக்கும், ஒப்புமை உறவுக்குச் சான்றாகாது என்று மறுக்கலாம். ஆனால் அவை எல்லாம் ஒத்திருப்பதில்லை. ஐசன்பெர்க்கும் பெர்கோவிட்ஸும் 1990இல் நூலாக்கிய 'பிக் சிக்ஸ்' மாதிரியிலும் ஆறு படிகளே: பணியை வரையறுத்தல், தேடும் உத்தி, இடமறிந்து பெறுதல், தகவலைப் பயன்படுத்தல், தொகுத்தாக்கல், மதிப்பிடல். அங்கே தெரிதல் தனிப்படியாக இல்லை, முன்வைத்தலும் இல்லை. கரோல் கூல்தாவின் ஆய்வுகளில் பிறந்த தேடற் செயன்முறையில் தெரிதல் உண்டு. ஆனால் அது தலைப்பைத் தெரிதல், தேடியறிதலுக்கு முந்தியது. எனவே தகவலைத் தெரிதலை மூன்றிலும் ஒழுங்குபடுத்தலை நான்கிலும் வைப்பது தவிர்க்க முடியாத வரிசை அல்ல. ஒருவர் எடுத்த முடிவு அது. அதே முடிவு இரண்டு இடங்களில், இத்தனை நெருக்கமான சொற்களில் தற்செயலாக வந்தது என்பதைவிட, ஒன்றைப் பார்த்து மற்றது எழுந்தது என்பதே நம்பத்தக்கது. ஒரே மேசையைச் சுற்றிப் பல நாட்டவர் அமர்ந்த கூட்டத்தில், பாடசாலை நூலகவியலில் ஏற்கெனவே புழங்கிய வரிசையொன்று அடித்தளமாவது இயல்பு. ஆவணச் சான்று இன்றி இதை முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன். ஆயினும் சான்று மெலிந்த இந்த இடத்தில், உள்நாட்டுப் பிறப்பு என்ற வாசிப்புக்கு இதைவிட மெலிந்த ஆதாரமே உண்டு.

மாதிரியின் விரிவான அட்டவணைக்குள் இதைவிட வலுவான அகச்சான்று இருக்கிறது. ஒவ்வொரு படியின் கீழும் கற்பவர் செய்யவேண்டியவை தரப்பட்டுள்ளன. மூன்றாம் படியான தெரிதலின் கீழ், எந்த மூலம் மிக எளிது, எது மிகக் கடினம், எது அளவாகப் பொருந்தும் என்று தீர்மானிக்கச் சொல்லும் ஒரு வரி வருகிறது. இது வாசிப்புத் தரம் பார்த்துச் சிறுவருக்குப் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் நூலகரின் குரல். பட்டப்படிப்பு மாணவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கடினமானது என்பதற்காகத் தள்ளிவிட முடியாது.

அடுத்த படிக்குப் போனால் சிக்கல் முழுதாகத் தெரிகிறது. தகவலை மதிப்பிடுதல், உண்மையையும் கருத்தையும் புனைவையும் பிரித்தறிதல், மூலத்தின் பக்கச்சார்பைச் சோதித்தல் ஆகியவை நான்காம் படியான ஒழுங்குபடுத்தலின் கீழ் வருகின்றன. அதாவது, தெரிந்தெடுத்துக் குறிப்பெடுத்து மேற்கோள் விபரங்களையும் சேர்த்த பிறகுதான் மாணவர் மூலத்தை நம்பலாமா என்று கேட்கிறார். ஏழாம் படியான 'மதிப்பிடல்' இதற்கு உதவாது. அங்கே மதிப்பிடப்படுவது மூலம் அல்ல, மாணவர் தம் செயல்திறன். ஆசிரிய நூலகர் முன்கூட்டியே தெரிந்துவைத்த நூல்களிலிருந்து எடுக்கும் பாடசாலையில் இந்த வரிசையால் கெடுதி இல்லை. சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் அப்படி அல்ல. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000இல் உயர்கல்விக்கென வெளியிட்டு 2016இல் விலக்கிக்கொண்ட நியமங்களில் மூன்றாவது, மூலத்தை விமர்சன நோக்கில் மதிப்பிடுவதை முதலிலும் தெரிந்தெடுத்ததைத் தன் அறிவோடு சேர்ப்பதை அடுத்தும் வைத்தது. அதே பணிகள், தலைகீழ் வரிசை. 2005இன் வாசிப்பு இந்த வேறுபாட்டுக்கு இடம் தருவதில்லை. எல்லா மட்டத்துக்கும் ஒரே வரிசை என்ற எண்ணத்தை அது வளர்த்துவிட்டது.

திருகோணமலையில் இது ஏட்டுப் பிரச்சினை அன்று. வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. ஒரு மாணவருக்குக் கரிசலாங்கண்ணி பற்றிய ஒப்படை தரப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அதே மூலிகை கையாந்தகரை என்றும் வழங்கும். ஒரு பெயரால் தேடுபவர் மற்றப் பெயரில் எழுதப்பட்டதை இழப்பார். வெண்பூவுடையது வேறு, மஞ்சட்பூவுடையது வேறு தாவரம். சித்த நூல்களோ ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தவை, பாடபேதம் நிறைந்தவை. எந்தப் பதிப்பு, எந்தத் தாவரம் என்பதை உறுதிசெய்யாமல் தெரிதல் என்பதே நடக்க முடியாது. இங்கே மூலத்தைச் சோதிப்பதை நான்காம் படிவரை ஒத்திவைத்தால், மருந்துச் சரக்கையே மாற்றிக் குறிப்பெடுத்த பின்னர்தான் தவறு தெரியவரும்.

இந்தச் சோதனையைக் கற்பிக்க வேண்டியவர் நூலகர். நூலகர் ஆசிரியராகவும் இருக்கலாம் என்பது நம் பகுதிக்குப் புதிதன்று. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழி இரா. அரங்கநாதன், நூலகவியலுக்கான தம் ஐந்து விதிகளை 1928 டிசம்பரில் அண்ணாமலை நகரில் கூடிய கல்வி மாநாட்டில்தான் முதலில் விரித்துரைத்தார். அடுத்த ஆண்டே சென்னை நூலகச் சங்கம் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. ஆனால் அப்பள்ளி நூலகருக்கு நூலகத் தொழிலைக் கற்பித்தது. நூலகர் எவ்வாறு கற்பிப்பது என்பது அதற்குப் பின்னும் பயிற்சிகளின் ஓரத்திலேயே நின்றது.

'எம்பவரிங் 8' கிழக்குக்கு வந்துசேர்ந்த காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொழும்புச் செயலமர்வு முடிந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளை அழித்தது. 2006இல் மாவிலாறு, மூதூர்ப் போர். அந்த ஆண்டுகளில் மாதிரியை உரசிப் பார்த்துத் திருத்தும் நிதானம் இக்கரையில் எவருக்கும் வாய்த்திருக்காது. கொழும்பில் சோதித்து ஏற்கப்பட்டது என்ற நம்பிக்கையில் அது அப்படியே பெறப்பட்டிருக்கக் கூடும். இது ஊகம்தான். ஆயினும் கோணேசபுரிக்கான செயலமர்வு இந்த ஒத்திவைக்கப்பட்ட சோதனையைத் தன் முதல் வேலையாகக் கொள்வது நியாயம் என்றே கருதுகிறேன்.

அப்படிக் கொண்டால் நிகழ்ச்சிநிரல் மாறும். எட்டுப் படிகளை விளக்கும் விரிவுரை தேவையில்லை. உதவி நூலகர் ஒவ்வொருவரும் தாம் உண்மையில் எடுத்த ஒரு வகுப்பின் திட்டத்தைக் கொண்டுவரட்டும். புதுமுக மாணவருக்கு ஒரு மணிநேரத்தில் நடத்தி முடிக்கும் அறிமுக வகுப்பானாலும் சரி. அந்த ஒரு மணிநேரத்தில் மூலத்தைச் சோதிக்கும் பயிற்சி எந்த நிமிடத்தில் வருகிறது, தேடலுக்கு முன்பா பின்பா என்று மற்றவர்கள் குறித்துக்கொள்ளட்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகமும் என். செல்வராஜாவின் 'நூல்தேட்டம்' நூல்விபரத் தொகுதிகளும் கைக்கெட்டும் தமிழ் மூலங்கள். இவற்றை வைத்து ஒரே தலைப்பைப் பாடசாலை வரிசையில் ஒருமுறையும், மதிப்பீட்டை முன்னகர்த்திய வரிசையில் ஒருமுறையும் கற்பித்துப் பார்க்கலாம். சித்த மருத்துவ விரிவுரையாளர் ஒருவர் பார்வையாளராக அல்ல, உடன் கற்பிப்பவராக இருக்க வேண்டும். மேற்சொன்ன அமெரிக்கச் சங்கம் 2017இல் கற்பிக்கும் நூலகருக்கு வகுத்த ஏழு பாத்திரங்களில் கற்பித்தற் பங்காளி என்பதும் ஒன்று. எட்டுப் படிகளுள் அந்தப் பங்காளிக்கு இடமே இல்லை, ஏனெனில் அவற்றில் செயல்படுபவர் மாணவர் ஒருவர் மட்டும். ஒரே நாளில் முடித்துவிடாமல், அரையாண்டின் தொடக்கத்தில் ஓர் அமர்வும், இடையில் எடுத்த வகுப்புகளோடு முடிவில் ஓர் அமர்வும் வைப்பது நல்லது.

மாதிரியின் ஆண்டு 2004 என்பாரும் 2005 என்பாரும் உளர். செயலமர்வைக் கொண்டால் முன்னது, அச்சைக் கொண்டால் பின்னது. மதிப்பிடும் வரி நான்காம் படியின் கீழ் கொழும்பிலேயே வைக்கப்பட்டதா, அச்சுக்குப் போகும்போது இடம்பெற்றதா என்பதை வெளிவந்த கட்டுரைகள் மட்டும் தீர்த்துவைக்கா. கொழும்புச் செயலமர்வின் வரைவுத் தாள்கள் எங்கேனும் எஞ்சியிருந்தால், நியூ சவுத் வேல்ஸ் உறவு பற்றிய என் வாதத்தை உறுதிசெய்யவோ கைவிடவோ முதலில் பார்க்கவேண்டியவை அவையே.