வரி எங்கே முடிகிறது?

சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் தட்டச்சு படித்தவர்களுக்கு அந்த மணிச் சத்தம் மறக்காது. வரி முடியப்போகிறது என்று மணி அடித்ததும் இடக்கையால் லீவரைத் தள்ள வேண்டும். காகிதம் ஒரு வரி மேலே ஏறும், உருளையும் புது வரியின் தொடக்கத்துக்கு வந்து நிற்கும். ஒரே தள்ளலில் இரண்டு வேலை!

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது தந்தி வழியே அச்சடித்த டெலிடைப் கருவி. 1963-ல் வந்த மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். அச்சுத்தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப ஒரு எழுத்தின் நேரம் போதாது. எனவே முதலில் 'திரும்பு', அடுத்து 'காகிதத்தை ஏற்று' என்று இரண்டு குறிகள். காகிதம் ஏறுவதற்குள் தலையும் போய்ச் சேர்ந்துவிடும். அதே ஆண்டு வந்த ஆஸ்கி அட்டவணையில் இவற்றின் எண்கள் 13, 10.

கணினித் திரையில் நகர்வதற்குத் தலையும் இல்லை, ஏற்றுவதற்குக் காகிதமும் இல்லை. ஒரு குறியே போதுமென்று யுனிக்ஸ் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. மெக்கின்டாஷ் 13-ஐ எடுத்துக்கொண்டு, 2001-ல் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது யுனிக்ஸ் வழிக்கு மாறியது. டாஸும் அதன் வாரிசான விண்டோஸும் இரண்டையும் விடவில்லை.

விளைவு? விண்டோஸில் எழுதிய ஷெல் நிரலை லினக்ஸில் ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத அந்த 13 முதல் வரியிலேயே காலை வாரிவிடும். எதிர்த் திசையில் இன்னும் வேடிக்கை. 2018-க்கு முன்பு, லினக்ஸில் சேமித்த திருக்குறளை நோட்பேடில் திறந்தால் அத்தனை குறளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு நின்றது. உரைநடை என்றால் சமாளிக்கலாம். செய்யுளில் அடி போனால் அடுத்தடுத்த அடிகளின் எதுகை கண்ணில் படாது.

தமிழுக்கு இது புதிதல்ல. ஓலைச்சுவடியில் அடி பிரித்து எழுதும் வழக்கம் கிடையாது, ஓலை முடிகிற இடம்தான் வரி முடிகிற இடம். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். எது அடி, எங்கே பாட்டு முடிகிறது என்பதெல்லாம் அவர் யாப்பை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியவை. பதிப்பு வெளிவந்தது 1887-ல்.

நோட்பேடு வெறும் 10-ஐயும் வரி முடிவாக ஏற்றுக்கொண்டது 2018-ல்தான். மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையில் ஒவ்வொரு வரியும் இன்றும் 13, 10 என்றே முடிகிறது.