வெறுங்கையும் திறந்த கையும்

மனிதன் எதை மிக இறுகப் பற்றிக்கொள்கிறானோ, அதையே அவன் கண்ணெதிரில் காணாமற் போகச் செய்வது கைவித்தைக்காரரின் பழைய வழக்கம். முட்டை மறைந்தால் சிரிக்கிறோம். நம்மிடமிருந்து வாங்கிய நாணயம் மறைந்தாலோ, சிரிப்புக்கு முன்பாக ஒரு சிறு அச்சம் நெஞ்சைத் தொடுகிறது. அந்த அச்சத்துக்கும் சிரிப்புக்கும் இடைப்பட்ட நொடியே வித்தைக்காரரின் மேடை. அங்கே நிற்பவர் என்ன நினைக்கிறார், என்ன செய்கிறார், எந்த உரிமையோடு நம்மை ஏமாற்றுகிறார் என்று கேட்டுப் பார்ப்பது வீண்வேலை அன்று. புதுமைகளைத் தேடி மக்கள் ஊர் ஊராக அலையும் இக்காலத்தில், ஏமாற்றின் வரலாறு நம்பிக்கையின் வரலாற்றுக்குத் துணைப்பாடமாகிறது.

செப்பும் கூழாங்கல்லும்

தமிழில் இக்கலைக்குச் 'செப்பிடு வித்தை' என்று பெயர். செப்பு என்பது சிமிழ். கவிழ்த்து வைத்த செப்புகளுக்கு அடியில் சிறு பந்துகளை வரவும் போகவும் செய்கின்ற ஆட்டத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. இதே ஆட்டம் உரோமையிலும் இருந்தது. கி.பி. 65இல் இறந்த தத்துவ ஞானி செனேக்கா, தம் நண்பர் லூசிலியுசுக்கு எழுதிய 45ஆம் மடலில், வெற்றுச் சொல்வாதங்களைக் கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு நடத்தும் வித்தைக்கு ஒப்பிடுகிறார். அங்கே ஏமாறுவதில்தான் இன்பம். செய்முறை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பது அவர் கருத்து.

திருச்சபையின் பேரறிஞர்கள் இத்தகைய கேளிக்கையாளரை எப்படிப் பார்த்தார்கள்? பலர் கடுமையாகவே பேசியுள்ளனர். ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது 'இறையியல் தொகுப்'பில் நிதானமான தீர்ப்பு வழங்குகிறார். மனிதரின் வாழ்வுக்கு விளையாட்டும் களிப்பும் தேவை. ஆகவே மக்களுக்கு ஆறுதல் தரும் கூத்தரின் தொழில் தன்னளவில் குற்றமற்றது. தகாத சொல்லும் செயலும் அதில் கலவாதிருக்க வேண்டும், காலமும் இடமும் அறிந்து நடக்க வேண்டும் என்கிறார். தவமுனிவர் பாப்னூசியுசுக்கு மறுவாழ்வில் துணையாக இருக்கப்போகிறவர் ஒரு கூத்தர் என்று வெளிப்படுத்தப்பட்ட பழங்கதையையும் அவர் அதே இடத்தில் நினைவூட்டுகிறார். பாலைவனத் துறவிக்கு விண்ணகத்தில் பக்கத்து இருக்கை கூத்தாடிக்கு!

உள்ளங்கைக்குள்ளே

நாணய வித்தையின் அடிப்படை மிக எளியது. உள்ளங்கையின் நடுவில் நாணயத்தை வைத்து, கட்டைவிரலின் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கத்துச் சதைமேட்டுக்கும் இடையே அதன் விளிம்பை மெல்லக் கவ்விக்கொள்ள வேண்டும். பிறகு கையைக் கவிழ்த்தாலும் நாணயம் விழாது. இதற்குப் பெரிய நாணயமே உகந்தது. சிறு காசு சதையில் பிடிபடாமல் நழுவும். தொலைவில் இருப்போரின் கண்ணுக்கும் தெரியாது. 37 மில்லிமீட்டர் அகலமும் 25 கிராம் எடையும் கொண்ட பிரான்சு நாட்டின் பழைய ஐந்து பிராங்கு வெள்ளி நாணயம் இவ்வகையில் பொருத்தமாக இருந்தது. விளிம்பில் நுண்ணிய வரிகள் வெட்டப்பட்ட நாணயங்களில் அவ்வரிகளும் சதையைப் பற்றிக்கொள்ளும். வெள்ளியைச் சுரண்டித் திருடுவோரைத் தடுக்க இடப்பட்ட வரிகள், வித்தைக்காரருக்கு இப்படி உதவின.

நாணயத்தைப் பிடித்திருப்பது கலையின் பாதிதான். பிடித்திருக்கும் கை வெறுங்கைபோல் இயங்குவதே மறுபாதி. கற்றுக்கொள்பவர் உள்ளங்கையில் நாணயத்தோடு கதவைத் திறக்க வேண்டும். கோப்பையை எடுக்க வேண்டும். மேசையில் விரல் தட்ட வேண்டும். கை தன் இரகசியத்தை மறந்துபோகும் அளவுக்குப் பழக வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் 'தூர்னிக்கே' என்று அழைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. இடக்கை விரல்நுனிகளில் நாணயம் விளிம்போடு நிற்கிறது. வலக்கை அதை எடுக்க வருகிறது: கட்டைவிரல் அடியில் நுழைய, மற்ற விரல்கள் மேலே திரையாகின்றன. அந்த மறைவில் நாணயம் இடக்கை உள்ளங்கைக்குள் விழுகிறது. வலக்கை வெறுமையாய் மூடிக்கொண்டு விலகுகிறது. இதில் கடினமானது விரல்வேலை அன்று, பார்வைதான். வித்தைக்காரரின் கண்கள் வெறுமையான வலக்கையைத் தொடர வேண்டும். நாணயம் அங்கேயே இருக்கிறது என்று அவரே அந்தக் கணத்தில் நம்ப வேண்டும். ஏனெனில் மனிதர் கையைப் பார்ப்பதில்லை. மற்றொரு மனிதரின் கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பார்க்கிறார்கள்.

கண்ணாடியின் முன் பயிற்சி செய்பவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு என்று இக்கலையில் தேர்ந்தவர்கள் எச்சரிப்பார்கள். மறைக்கும் அந்த நொடியில் அவர்கள் தம்மையறியாமல் கண் சிமிட்டிவிடுவார்களாம். தவறு தங்கள் கண்ணில் படாமையால் வித்தை கைவந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்களாம். பிறரை ஏமாற்றப் பழகுபவர் முதலில் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். மனச்சான்றை ஆய்வு செய்யும்போது நாமும் சரியான இடத்தில் கண் சிமிட்டுபவர்கள்தாமே!

1584ஆம் ஆண்டின் இரு நூல்கள்

இக்கலையின் செய்முறைகளை விளக்கும் இரண்டு நூல்கள் ஒரே ஆண்டில், 1584இல், அச்சேறின. பிரான்சின் லியோன் நகரில் ஜான் பிரேவோ எழுதிய நூல் ஒன்று. இங்கிலாந்தில் ரெஜினால்டு ஸ்காட் எழுதிய 'சூனியத்தின் வெளிப்பாடு' மற்றொன்று. ஸ்காட்டின் நோக்கம் கேளிக்கை அன்று. சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு ஏழைக் கிழவிகள் நீதிமன்றங்களில் நின்றுகொண்டிருந்த காலம் அது. சாத்தானின் வேலை என்று மக்கள் அஞ்சுகிறவற்றுள் பல வெறும் கைத்திறனே என்று காட்ட அவர் விரும்பினார். ஆகவே ஒரு கையிலுள்ள காசை மறு கைக்கு மாற்றுவது, வீசி எறிந்த காசை வேறிடத்தில் கண்டெடுப்பது போன்றவற்றை ஒவ்வொன்றாக விளக்கினார். இந்த வித்தையால் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்க நேர்கிறதே என்று வருத்தமும் தெரிவித்தார். களிப்புக்காக, எவருக்கும் தீங்கின்றி, இறைவனின் பெயரைப் பழிக்காமல் செய்யப்படும் வித்தை குற்றமற்றது என்றும் எழுதினார். தாமஸ் அக்குவினாசுக்கு நெருங்கிய கருத்தை, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர் ஒருவர் சொன்னது வியப்புக்குரியது.

ஆயினும் அதே நூலில் ஸ்காட் கத்தோலிக்க வழிபாட்டையும் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து ஏளனம் செய்தார். 1694இல் காண்டர்பரி பேராயர் ஜான் டில்லட்சன் இன்னும் ஒருபடி மேலே சென்றார். வித்தைக்காரர்கள் உச்சரிக்கும் 'ஹோக்கஸ் போக்கஸ்' என்னும் சொற்கள், 'இது என் உடல்' என்று பொருள்படும் இலத்தீன் வசீகரச் சொற்களான 'ஹோக் எஸ்த் கோர்ப்புஸ்' என்பதன் சிதைவாக இருக்கக்கூடும் என்றார். இது ஊகமே, சொல்லாராய்ச்சியாளர் உறுதிசெய்த உண்மை அன்று. ஆனாலும் கத்தோலிக்கர் இக்கேள்வியைக் கோபத்தோடு ஒதுக்கிவிடத் தேவையில்லை. நேராகவே விடை சொல்லலாம். வித்தைக்காரர் கண்ணுக்குத் தெரிவதை மாற்றிக் காட்டுகிறார். உள்ளபடி எதுவும் மாறுவதில்லை. பீடத்தில் கண்ணுக்குத் தெரிவது எதுவும் மாறுவதில்லை. நிறமும் சுவையும் வடிவமும் அப்படியே இருக்கின்றன. உள்பொருளே மாறுகிறது என்பது நம் விசுவாசம். அங்கே திரை இல்லை, மறைவிடம் இல்லை. மக்கள் முன்னிலையில் அப்பமும் கிண்ணமும் உயர்த்தப்படுகின்றன. ஒன்று கண்களை வெல்கிறது. மற்றது கண்களைக் கடந்து கேள்வியின்மீது, அதாவது ஆண்டவருடைய வாக்கின்மீது, நிற்கிறது.

பெக்கியின் சிறுவன்

நாணய வித்தையின் வரலாற்றில் நமக்கு மிக நெருங்கியவர் புனித தொன் போஸ்கோ. 1815இல் வட இத்தாலியின் பெக்கி சிற்றூரில் பிறந்தவர். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தவர். சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் வரும் கழைக்கூத்தரையும் வித்தைக்காரரையும் அருகில் நின்று பார்க்கக் கட்டணம் வேண்டியிருந்தது. பறவை பிடித்து விற்றும், காளான் பொறுக்கியும், சாயச்செடி சேகரித்தும் அந்தக் காசைத் தேடிக்கொண்டதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் கூறுகிறார். கூர்ந்து பார்த்தார், வீட்டுக்கு வந்து, கைகூடும் வரை பழகினார். பின்னர் ஞாயிறுகளில் தம் வீட்டருகே உள்ள புல்வெளியில் ஊராரைக் கூட்டினார். பேரி மரத்திலிருந்து கயிறு கட்டி அதன்மேல் நடந்தார். ஆனால் வேடிக்கைக்கு நுழைவுக் கட்டணம் செபமாலை! அன்று கோவிலில் கேட்ட மறையுரையையும் திருப்பிச் சொல்வார். செபத்தில் சேராதவருக்கு வித்தையில் இடமில்லை.

1831இல் கியேரி நகரில் படிக்கச் சென்றபோது வித்தை முதிர்ந்திருந்தது. பிறர் பையிலுள்ள பணத்தைச் சொல்வார். கைபட்ட மாத்திரத்தில் நாணயம் பொடியாகிவிடும். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரருக்கு ஐயம் பிறந்தது: இது மனிதச் செயலா, பேயின் துணையா? செய்தி பக்கத்திலிருந்த குரு ஒருவர் வழியாகக் கோவில் அதிபர் கானன் புர்சியோவை எட்டியது. இளைஞர் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவர் சென்ற வேளையில் அதிபர் ஓர் ஏழைக்குப் பிச்சையிட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை கண்டிப்புடன் நடந்தது. இளைஞர் அமைதியாக, "மணி என்ன?" என்று கேட்டார். அதிபர் பைக்குள் கைவிட்டார்; கடிகாரம் இல்லை. "அப்படியானால் ஐந்து சோல்தி நாணயம் ஒன்று கொடுங்கள்" என்றார். பணப்பையும் இல்லை. அதிபருக்குச் சினம் பொங்கியது; இனி ஐயமே இல்லை, பேயின் வேலைதான்! அப்போது இளைஞர் யாவற்றையும் விளக்கினார்: பிச்சையிட்டபின் பணப்பையை முழந்தாட்படியிலேயே விட்டுவிட்டீர்கள்; அடுத்த அறைக்குப் போகையில் கடிகாரத்தைச் சிறுமேசையில் வைத்தீர்கள்; இரண்டையும் எடுத்து இந்த விளக்கு மூடியின்கீழ் மறைத்தேன். மூடியைத் தூக்கினால் இரண்டும் இருந்தன. அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். இன்னும் சில வித்தைகளைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். அறியாமையே வியப்புக்கு ஆசான் என்று நண்பர்களிடம் சொல் எனக் கூறி, அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியில் வித்தையைவிட உயர்ந்தது ஒன்று நடந்தது. சந்தையில் பொதுமக்கள் முன் இரகசியத்தைக் காப்பது கலைஞரின் உரிமை. ஆனால் ஒரு மனிதரின் விசுவாசம் தடுமாறும் இடத்தில் கையைத் திறந்து காட்டுவது அவர் கடமை. இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர் அந்த எல்லையை அறிந்திருந்தார். 1835இல் குருத்துவ உடை அணிந்தபோது, பொது இடங்களில் வித்தை காட்டுவதை விட்டுவிடுவதாக உறுதி பூண்டார். ஆயினும் சிறுவரைக் கவரும் அந்த மகிழ்ச்சியை அவர் விடவில்லை. 1934இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரைத் தங்கள் பாதுகாவலராக வித்தைக்காரர்கள் இன்று போற்றுகிறார்கள். அவருடைய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தபோது, விளையாட்டுத் திடலையும் கோவிலையும் பிரிக்காத அந்த மரபு தமிழ் மண்ணையும் தொட்டது.

அல்ஜியர்சில் ஒரு மேடை

இதே கலையை அரசியலும் கைக்கொண்டது. கடிகாரம் செய்யும் தொழிலிலிருந்து வந்து, 1845இல் பாரிசில் தம் அரங்கைத் திறந்த ராபேர் ஊதேன், வித்தைக்காரர் என்பவர் மந்திரவாதியாக நடிக்கும் நடிகரே என்று கருதியவர். தெருவில் நடக்கும்போதும் பைக்குள் கைவிட்டு விரல்களைப் பழக்கியவர். அவரைப் பிரெஞ்சு அரசு 1856இல் அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே பிரான்சுக்கு எதிராக மக்களைத் தூண்டிய சமயத் தலைவர்களின் செல்வாக்கை, அதைவிடப் பெரிய 'வல்லமை' காட்டி முறியடிப்பதே நோக்கம். அவர் கையிலிருந்த ஐந்து பிராங்கு நாணயங்கள், பார்வையாளரின் தலைக்கு மேல் தொங்கிய பளிங்குப் பெட்டிக்குள் ஒலியெழுப்பி விழுந்தன. பின்னர் இவையெல்லாம் மாயமன்று, திறமையே என்று மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் மக்களுக்கு விளக்கப்பட்டதாக அவரே எழுதியுள்ளார். விளக்கியது நல்லதே. ஆனால் முதலில் அச்சம் விதைக்கப்பட்டது. அந்த அச்சம் அந்நிய ஆட்சியின் கருவியாயிற்று. புல்வெளியில் செபமாலை சொன்ன சிறுவனின் கையும் அல்ஜியர்சு மேடைக் கையும் செய்தது ஒரே வேலைதான். யாருடைய நன்மைக்கு என்பதில்தான் வேறுபாடு.

சீமோனின் வெள்ளி

திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் மாய வித்தைக்காரர் சீமோனைச் சந்திக்கிறோம். சமாரியாவை வியப்பில் ஆழ்த்தியவர்; தம்மைப் பெரியவர் என்று சொல்லிக்கொண்டவர்; கடவுளின் வல்லமை என்று மக்கள் அழைக்க இடங்கொடுத்தவர். இறுதியில் தூய ஆவியாரின் கொடையையே பணத்துக்கு வாங்க முயன்றார். அவருடைய குற்றம் திறமையில் இல்லை. உரிமை கோரியதில் இருந்தது. நாணயத்தை மறைப்பவர் நம்மை அரைமணி நேரம் ஏமாற்றி, நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சீமோனின் வழிவந்தவர்கள் நாணயத்தைத் திருப்பித் தருவதில்லை. நம் அறிவையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

நோயுற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புதுமை தேடும் தாயை எவரும் இகழக்கூடாது. அவருடைய கண்ணீர் உண்மை. ஆகவேதான் அவர்முன் நீட்டப்படும் கை எத்தகையது என்று கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டு. அந்தக் கை கேள்வியைத் தாங்குமா? ஐயம் கொண்டவரை அன்போடு அமரவைத்து விளக்கு மூடியைத் தூக்கிக் காட்டுமா? அல்லது கேள்வி கேட்பவரை விசுவாசமற்றவர் என்று விரட்டுமா? உண்மையான புதுமைகளைத் திருச்சபை மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் கொண்டு பொறுமையாக ஆராய்வது இதனால்தான். இறைவனின் செயல் ஆய்வுக்கு அஞ்சுவதில்லை.

ஆண்டவர் உயிர்த்தெழுந்தபின் ஐயுற்ற தோமாவுக்குத் தம் கைகளை நீட்டினார். அவற்றில் மறைத்துவைத்தது எதுவுமில்லை. காயங்கள் மட்டுமே இருந்தன. வித்தைக்காரர் வெறுங்கை காட்டும்போது மகிழ்ச்சியோடு கைதட்டுவோம். நம் முழு வாழ்வையும் ஒப்படைப்பதற்கோ, அந்தத் திறந்த கைகளே போதும்.