வாசல் கூலி

குப்பை எடுக்க வீட்டுக்கு வீடு காசு வாங்குவதை ஏதோ நேற்று முளைத்த சீர்திருத்தம் போலப் பேசுகிறார்கள். வீட்டுக்காரர் வாசலில் வைத்துக் கூலி தருவது இந்தச் சாதியச் சமூகத்தின் பழைய ஏற்பாடு. வட மாநிலங்களில் இந்தத் தெருக் கக்கூசுகள் இந்தக் குடும்பத்துக்கு என்று பிரித்துவிட்டிருந்தார்கள். மீந்த ரொட்டி, பழந்துணி, கொஞ்சம் சில்லறை, இதுதான் கூலி. 'வழக்குரிமை' என்று அதற்குப் பெயர் வேறு. அந்த உரிமையை விற்கலாம், அடகு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாகவும் கொடுக்கலாம். பீயைச் சொத்தாக எழுதிக் கொடுத்த புண்ணியவான்கள்! 1965இல் மத்திய அரசு என்.ஆர். மல்கானி தலைமையில் குழு போட்டு இதை ஒழிக்க வழி கேட்டது. நகராட்சிச் சம்பளம் என்றால் நம்ம சனங்களுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது இங்கேதான் விளங்கும். சம்பளம் ஆபீசிலிருந்து வந்தால் எந்த வீட்டம்மா முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

சென்னையில் குப்பை எடுப்பவர் மறுபடி அந்த வாசலுக்கே வந்து சேர்ந்தார். 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்களைச் சங்கமாக்கி, மாதச் சந்தா பிரித்து, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை அமர்த்தியது. அதுவரை குப்பை பொறுக்கியவர்களே பல தெருக்களில் அந்த ஆள். தெருவை அழகாக்குபவர் என்று பட்டம் கொடுத்தார்கள். பேப்பர், பாட்டில் விற்ற காசும் கிடைத்தது. ஆனால் "காசு குடுக்கிறமில்ல, ரெண்டு நாளா ஏன் வரல?" என்று கேட்க ஒரு தெருவே இருந்தது, அவர் பக்கம் பேச யார் இருந்தார்கள்? 2000இல் மூன்று மண்டலங்களின் குப்பை ஓனிக்ஸ் கம்பெனிக்குப் போனது. டன் கணக்கில் பணம். எடைக்குக் காசு என்றால் பிரித்தெடுத்து எடையைக் குறைக்க எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

புனேயில் நடந்தது வேறு. 1972 பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள் உட்பட, அங்கே குப்பை பொறுக்கியவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பாபா ஆடாவ் போன்றோர் துணையோடு 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்று சங்கம் கட்டினார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. 1996இல் மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை வாங்கினார்கள். சங்கம் வந்து பதினைந்து வருடம் கழித்து, 2008இல், அவர்களுடைய 'ஸ்வச்' கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக் கட்டணம் நேராக அந்தப் பெண்ணின் கைக்கு. பிரித்தெடுத்த பொருளும் அவளுக்கே. தொட்டிக்குள் தலையைவிட்டுக் கிளறுவது குறைந்தது. நனையாத பேப்பருக்கு நல்ல விலை. இங்கேயும் குறை உண்டு. மாநகராட்சி அவளுக்கு மாதச் சம்பளம் தரவில்லை. காசு தராத வீட்டின் படியை அவள்தான் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். ஆனாலும் அவள் தனியாள் இல்லை. எக்ஸ்னோரா வண்டிக்காரருக்கு இல்லாமல் போனது அதுதான்.

2016 விதிகள் கட்டணத்தை நாடு முழுக்க விதித்தன. 2020 கடைசியில் சென்னை மாநகராட்சி வீட்டுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. நான் படித்த கண்டனங்களில் எல்லாம் 'சொத்து வரி கட்டுகிறோமே' என்ற புலம்பல்தான். அந்தப் பத்து ரூபாயில் அள்ளுகிறவருக்கு எத்தனை பைசா என்று ஒரு வரி இல்லை. 2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், தனியாருக்குத் தள்ளாதே, நிரந்தர வேலை கொடு என்று ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். நடுராத்திரியில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.