மிச்சமான நிலக்கரி யாருக்கு மிச்சம்? சிவசமுத்திரமும் கோலார் தங்கவயலும்

மைசூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1908-இல். பெங்களூரு அதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1905 ஆகஸ்டில் கண்டது. ஆனால் மைசூர் சமஸ்தானத்தின் முதல் மின்சாரம் இவ்விரு நகரங்களுக்கும் உரியதாக இருக்கவில்லை. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்தில் புறப்பட்ட மின்விசை, ஏறத்தாழ 147 கி.மீ. கம்பிவழி சென்று கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. அரசரின் தலைநகருக்கு ஆறாண்டு முன்பே இலண்டன் கம்பெனிகளின் சுரங்கங்களுக்கு மின்சாரம் கிடைத்தது என்பதில் அக்காலப் பொருளாதாரத்தின் வரிசைமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏன் சுரங்கத்துக்கு முதலிடம்? ஜான் டெய்லர் நிறுவனத்தார் நிர்வகித்த சுரங்கங்கள் நீராவி எந்திரங்களால் இயங்கின. பாறையை இடிக்கவும், நீரை இறைக்கவும், காற்றழுத்தத் துளைக்கருவிகளை ஓட்டவும் கொதிகலன் இரவும் பகலும் எரிய வேண்டும். சமஸ்தானத்திலோ நிலக்கரி கிடையாது. தொலைவிலிருந்து இரயிலேற்றித்தான் வரவேண்டும். அப்படி வந்த கரியின் வெப்பத்திலும் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் கழிவு நீராவியாகவும் வீணாயிற்று. சுரங்கம் ஆழமாக ஆழமாக எரிபொருட் செலவும் ஏறியது. காவிரி அருவியின் வீழ்விசையை மின்சாரமாக்கி விற்றால் கம்பெனிக்குச் செலவு குறையும், அரசுக்கு வருவாய் பெருகும் என்று கணக்கிட்டவர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழரான அவர் 1901-இல் காலமானார். விளக்கு எரிந்ததைக் காணவில்லை. திட்டத்தை வடிவமைத்தவர் இராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவின் ஜோலி டி லோட்பினியேர். மின்னாக்கிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும், நீர்ச்சுழலிகளைச் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனமும் அளித்தன.

இனி, இந்தச் சிக்கனம் வேலைவாய்ப்பை என்ன செய்தது? கொதிகலனுக்குக் கரி தள்ளியவர், சாம்பல் அள்ளியவர் போன்றோரின் வேலை இயல்பாகவே சுருங்கியது. ஆனால் சுரங்கத்தின் மொத்த வேலை சுருங்கவில்லை. ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இலேயே நிலக்கரி பற்றிய தம் நூலில் இதைச் சுட்டியிருந்தார்: எரிபொருளைத் திறம்படப் பயன்படுத்தக் கற்றால் அதன் மொத்த நுகர்வு குறைவதில்லை, கூடுகிறது. தங்கவயலிலும் அதுவே நிகழ்ந்தது. விசை மலிவானதும் இன்னும் ஆழமாகத் தோண்டலாம், இன்னும் குறைந்த தங்கமுள்ள பாறையையும் இடிக்கலாம் என்றாயிற்று. 1901 கணக்கெடுப்பில் சுமார் 38,000 ஆக இருந்த தங்கவயல் மக்கள்தொகை அடுத்த கணக்கெடுப்பில் பெருகியே இருந்தது. அவ்வாறு வந்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் ஒடுக்கப்பட்ட சாதியினர். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

மிச்சமான பணம் அவர்கள் கூலியில் ஏறியதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பங்குதாரருக்கு ஈவுத்தொகை போயிற்று. சமஸ்தானத்துக்குத் தங்கத்தின் மீதான 5 விழுக்காடு உரிமைத்தொகையுடன் மின்கட்டணமும் சேர்ந்தது. தொழிலாளருக்கு வாய்த்தவை மேலும் வெப்பமான ஆழங்களும், பாறைவெடிப்பும், சிலிக்காத் தூசி தந்த நுரையீரல் நோயும்தாம். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் செய்த பெரும் வேலைநிறுத்தத்தை இந்தப் பின்னணியிலும் வைத்துப் பார்க்கலாம்.

அரசுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. மழைக்காலத்தில் பெருகும் காவிரி கோடையில் மெலியும். சுரங்கமோ ஆண்டு முழுவதும் ஒரே சீரான விசையைக் கேட்கும். கோடையிலும் மின்னுற்பத்தி குன்றாதிருக்க வேண்டுமானால் வெள்ளநீரைத் தேக்கியாக வேண்டும். கண்ணம்பாடியில் 1911-இல் தொடங்கிய அணைக்கு விசுவேசுவரய்யா முன்வைத்த காரணங்களுள் இது முதன்மையானது; பாசனம் அதனுடன் இணைந்தது. (பிருந்தாவனத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்போரில் எத்தனை பேருக்குத் தங்கச்சுரங்கம் நினைவுக்கு வரும்?) மின்நிலையத்துக்குள் புகுந்த நீர் மீண்டும் ஆற்றுக்கே திரும்பும், தேக்கிய நீர் அப்படியல்ல. சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914-இல் நடுவர் தீர்ப்பு, பின் மேல்முறையீடு, இறுதியில் 1924 ஒப்பந்தம். மேட்டூர் அணை வேலை அதற்கடுத்த ஆண்டே தொடங்கிற்று. தஞ்சை உழவர் இன்றளவும் சுமக்கும் வழக்கின் ஒரு வேர், சுரங்கக் கம்பெனியின் எரிபொருட் கணக்கில் இருக்கிறது.

மைசூர் நகரம் பெற்ற பயன் தாமதமாகவே வந்தது. 1912-இல் பட்டு நெசவாலை சுவிட்சர்லாந்து விசைத்தறிகளுடன் தொடங்கியது. சில ஆண்டுகளில் சந்தன எண்ணெய் ஆலை. அளவில் இவை சுரங்கத்துக்கு ஈடல்ல. ஆயினும் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டுவிட்டது. பட்டாலை இன்றும் ஓடுகிறது. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றபின் சுரங்கங்களில் நீர் நிறைந்தது. சிவசமுத்திரம் மின்நிலையம் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் முதல் விசையைப் பெற்ற ஊரின் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள்.