ஒரு வயதுக் குழந்தை எத்தனை கிலோ இருக்க வேண்டும்? - ஓர் அளவுகோலின் கதை

அங்கன்வாடியில் கைக்குழந்தையைத் தொங்கு தராசில் போட்டு எடை பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடையைப் பார்த்து ஓர் அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளி பச்சையில் விழுந்தால் அம்மாவுக்கு நிம்மதி. மஞ்சளில் விழுந்தால் அன்று முழுக்கக் கவலைதான். "தாய்ப்பால் பத்தலையோ என்னவோ" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்து விடுவார்கள்.

சரி, அந்தக் கோடுகளைப் போட்டது யார்? எந்த ஊர்க் குழந்தைகளைப் பார்த்துப் போட்டார்கள்? இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது.

குழந்தை வளர்வதை அளந்து எழுதி வைக்கும் பழக்கம் பிரான்சில் ஒரு அப்பாவிடம் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். மோன்பெயார் என்ற அந்தப் பிரபு, 1759இல் பிறந்த தன் மகனின் உயரத்தை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, பதினெட்டு வருடம் விடாமல் குறித்து வைத்தார். அவருடைய நண்பரும் புகழ்பெற்ற இயற்கையியலாளருமான புஃபோன், 1777இல் அதைத் தன் நூலில் அச்சிட்டார். ஒரே ஒரு பையனின் கணக்குதான், ஆனாலும் இன்றைக்கும் வளர்ச்சி பற்றிய பாடநூல்களில் அவன் இருக்கிறான்!

மோன்பெயார் அளந்தது ஆர்வத்தால். எடை பார்ப்பது மருத்துவ வேலையானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். பாரிஸ் மருத்துவர் பியேர் புடான் 1892இல் கைக்குழந்தைகளுக்கென்று தனியாக ஆலோசனை நடத்த ஆரம்பித்தார். தாய்மார்கள் குழந்தையைத் தவறாமல் கொண்டு வர வேண்டும், எடை போட வேண்டும், தாய்ப்பாலை விடக்கூடாது. அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். எடை குறைந்தால் ஆபத்து வருகிறது என்று தராசு முன்கூட்டியே சொல்லிவிடும்.

இதையே ஏழை நாடுகளின் கிராமங்களுக்குக் கொண்டு போனவர் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் வேலை செய்தபோது, குழந்தையின் எடைக் கோட்டை ஓர் அட்டையில் வரைந்து அதை அம்மா கையிலேயே கொடுத்து விட்டார். மருத்துவமனை அலமாரியில் தூங்கவேண்டிய பதிவேடு வீட்டுக்குப் போனது! நம் அங்கன்வாடி அட்டைக்கும் இதுதான் முன்னோடி. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலும் குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவதுதான் முக்கியமான வேலை.

தராசு வந்தாயிற்று, அட்டையும் வந்தாயிற்று. ஆனால் எத்தனை கிலோ இருந்தால் சரி?

இங்கேதான் சிக்கல். முதலில் பல நாடுகள் பயன்படுத்தியது அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகளின் அளவு. 'ஹார்வர்டு அளவு' என்பார்கள். பிறகு 1977இல் அமெரிக்க அரசின் சுகாதாரப் புள்ளிவிவர மையம் புதிய அட்டவணை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் அதை அப்படியே எடுத்து உலகத்துக்கெல்லாம் பரிந்துரைத்தது. அதில் கைக்குழந்தைகளுக்கான எண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஓஹையோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரிலிருந்து! ஃபெல்ஸ் என்ற சோப்பு முதலாளியின் பணத்தில் 1929இல் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. அந்த வட்டாரத்தின் வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களின் குழந்தைகளைப் பல வருடங்கள் அளந்திருந்தார்கள்.

அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்தவர்களிலும் மூன்று மாதத்தைத் தாண்டியவர்கள் மிகக் குறைவு. போதாக்குறைக்கு, அளந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிறந்த புதிதில் குழந்தை வாரத்துக்கு வாரம் மாறும், மூன்று மாத இடைவெளியில் அந்த வேகம் எப்படித் தெரியும்?

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். குறியீட்டெண் போடும்போது அடிப்படை ஆண்டைத் தவறாக எடுத்தால், பிறகு எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் விடை தப்புதான். இங்கே அடிப்படையே புட்டிப்பால் குழந்தை!

விளைவு என்ன? ஆண் குழந்தைகளின் நடு அளவை எடுத்துக்கொள்வோம். பழைய அட்டவணையில் மூன்று மாதத்தில் 6.0 கிலோ, ஒரு வயதில் 10.2 கிலோ. தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தையோ முதல் மூன்று மாதத்தில் வேகமாக ஏறி 6.4 கிலோவைத் தொடும், பிறகு நிதானமாகி ஒரு வயதில் 9.6 கிலோவில் நிற்கும். அதாவது நன்றாக இருக்கும் குழந்தை, நாலைந்து மாதத்துக்குப் பிறகு அட்டையில் சரிவது போலத் தெரியும். அதைப் பார்க்கும் ஊழியர் என்ன சொல்வார்? "பால் போதவில்லை, டப்பா பால் கொடுங்கள்." சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில் டப்பா பால் என்றால் வயிற்றுப்போக்கைக் கூப்பிட்டு வைப்பது மாதிரி. புடான் தராசை எதற்காகக் கொண்டு வந்தாரோ, அதற்கு நேர் எதிரான வேலையை அட்டை செய்துகொண்டிருந்தது. அம்மாக்கள் மேல் தப்பே இல்லை, கோட்டின் மேல்தான் தப்பு.

1990களில் உலக சுகாதார நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. புதிய அளவு எடுப்பதற்காக 1997 முதல் 2003 வரை ஆறு ஊர்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், அப்புறம் நம் தெற்கு டெல்லி. புகைபிடிக்காத அம்மா, தாய்ப்பால், ஓரளவு வசதியான வீடு என்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைகள் 'எப்படி வளர்கிறார்கள்' என்பதை விட்டு, நல்ல சூழல் கிடைத்தால் 'எப்படி வளர வேண்டும்' என்பதை அளந்ததுதான் இதில் புதுமை.

கிடைத்த முடிவு அழகானது. இந்த ஆறு ஊர்க் குழந்தைகளின் உயரத்தில் இருந்த வேறுபாட்டில் ஊரால் வந்தது சுமார் 3 சதவீதம் மட்டுமே. ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வேறுபாடோ சுமார் 70 சதவீதம்! டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் முதல் வருடங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன.

புதிய அளவுகள் 2006இல் வெளிவந்தன. அதே ஆய்வில் குழந்தைகள் எப்போது உட்காருகின்றன, எப்போது நடக்கின்றன என்றும் பார்த்தார்கள். துணையில்லாமல் நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையும் காலும் ஊன்றித் தவழவே இல்லை. "பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்திலேயே நடக்குதே" என்று புலம்புபவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

ஆனால் கதை இதோடு சுபமாக முடியவில்லை. அளவுகோல் மாறியதும் கணக்கும் மாறியது. ஆறு மாதத்துக்குக் கீழே எடை குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது, அதற்கு மேலே குறைந்தது. இந்தியாவின் 2005-06 தேசிய குடும்ப நல ஆய்வு புதிய அளவைப் பயன்படுத்தியதால், முந்தைய ஆய்வின் எண்களையும் திரும்பக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டியிருந்தது. 2013இல் பொருளாதார நிபுணர் அரவிந்த் பனகாரியா, இந்தக் கோடு இந்தியக் குழந்தைகளுக்குப் பொருந்தாது, ஊட்டக் குறைவைக் கூட்டிக் காட்டுகிறது என்று எழுதினார். பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் கையில் இருந்த பலமான ஆதாரம், தெற்கு டெல்லியில் அளக்கப்பட்ட அந்தக் குழந்தைகள்தான்.